எந்த மீட்டர் நல்ல மீட்டர்?



அறிவியல் கண்காட்சி நெருங்கும்போது என்னிடம் வரும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த மீட்டர் வாங்கலாம்?" என்பதுதான். "எதை அளக்கப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலரிடம் பதில் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரு மாணவி எலுமிச்சம்பழத்தில் செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் செருகி மின்கலம் செய்திருந்தாள். முள் வைத்த வோல்ட்மீட்டர் 0.6 வோல்ட் காட்டியது. குறிப்பேட்டிலோ 0.9 என்று இருந்தது, அதனடியில் 0.6 அழிக்கப்பட்ட தடம் தெரிந்தது. "புத்தகத்தில் 0.9 என்று இருக்கிறது சார். மீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றாள்.

மீட்டர் கெடவில்லை. வோல்ட்மீட்டரும் ஒரு மின்தடைதான். இணைத்த உடனே அது மின்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. 'ஒரு வோல்ட்டுக்கு 1000 ஓம்' என்ற வகையில் 3 வோல்ட் வரை அளக்கும் மீட்டரின் மின்தடை 3000 ஓம். பழத்துக்குள்ளும் மின்தடை உண்டு. இதை அகமின்தடை என்கிறோம். அது 1500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 0.9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு பழத்துக்குள்ளேயே போய்விடும். மீதி 0.6 வோல்ட்தான் மீட்டருக்குக் கிடைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் மின்தடை வோல்ட் அளக்கும்போது 10 இலட்சம் முதல் ஒரு கோடி ஓம் வரை இருக்கும். ஆகவே அது ஏறத்தாழ 0.9 என்றே காட்டும். அப்படியானால் அதுதான் நல்ல மீட்டரா? அவசரப்படாதீர்கள். மூன்று பழங்களைத் தொடராக இணைத்தால் அது 2.7 வோல்ட் காட்டும். அதை நம்பி டார்ச்சின் இழை பல்பை இணைத்தால் எரியாது. பல்புக்கு 200, 300 மில்லிஆம்பியர் வேண்டும். 4500 ஓம் அகமின்தடை வழியே 0.6 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. இந்த உண்மையை முன்பே சொன்னது அந்த முள் மீட்டர்தான்!

எனவே என் கருத்து இது. முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்; பிறகு மீட்டரைத் தேடுங்கள். மின்னழுத்தம் சரியாகத் தெரிய வேண்டுமானால், அளக்கப்படும் சுற்றின் மின்தடையைப்போல் குறைந்தது நூறு மடங்கு மின்தடையுள்ள வோல்ட்மீட்டர் வேண்டும். அம்மீட்டருக்கு இதற்கு நேர்மாறு: அதன் மின்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதனாலேயே அதை மின்கலத்தின் இரு முனைகளில் நேரடியாக இணைக்கக்கூடாது. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் எந்த மீட்டரையும் வைத்துப் பார்க்க வேண்டாம்; உயிருக்கே ஆபத்து.

இரண்டு வகை மீட்டரும் கிடைத்தால் இரண்டிலும் அளந்து, எந்த மீட்டர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்கள் வேறுபட்டால் எதையும் அழிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். அந்த மாணவி அழித்த 0.6-இல்தான் அவளுடைய பழத்தின் அகமின்தடை ஒளிந்திருந்தது. புத்தகத்தில் இல்லாத அந்த எண்ணை அவளே கண்டுபிடித்திருக்கலாம்.