பழைய அட்டையின் மீது பழியா?

பழைய பொருளை வாங்கியோர், அது பழுதுற்றால் முதலில் விற்றவரையே பழிக்கின்றனர். கணிப்பொறியில் பொருத்தும் கிராபிக்ஸ் கார்டு எனும் வரைகலை அட்டைக்கும் இதுவே நடக்கிறது. நாள் முழுதும் எழுதவும் படிக்கவும் இடையூறின்றி உதவிய கணிப்பொறி, விளையாட்டைத் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் நின்றுவிடுகிறது. உடனே ஏமாந்தோம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விசாரணைக்கு முன் எழுதப்படும் தீர்ப்பு அது என்பதே நம் கருத்து.

நாமும் அப்பிழையைச் செய்தவர்களே. சென்ற ஆண்டு நாம் வாங்கிய ரேடியான் ஆர்எக்ஸ் 580 அட்டை, விளையாட்டின் நடுவே கணிப்பொறியையே அணைத்து மீண்டும் தொடங்கச் செய்தது. விசிறியைத் துடைத்தோம், டிரைவர் மென்பொருளை மும்முறை மாற்றினோம், விற்றவரிடம் கடுஞ்சொல்லும் கூறினோம். பின்னர் நண்பரொருவரின் கணிப்பொறியில் அதனைப் பொருத்தியபோது இரண்டு மணி நேரம் சோர்வின்றி ஓடிற்று. குற்றவாளி நம் பழைய பவர் சப்ளையே! அவ்வட்டை ஏறத்தாழ 185 வாட் மின்சாரம் வேண்டுவது. அதனைச் செருகும் ஸ்லாட் தரவல்லது 75 வாட் மட்டுமே. எஞ்சியதைப் பவர் சப்ளையிலிருந்து வரும் தனிக் கம்பி வழங்க வேண்டும். கட்டுரை எழுதும்போது அட்டை உறங்குகிறது; விளையாட்டில்தான் முழுப்பசியோடு விழிக்கிறது. மன்னிப்புக் கேட்கச் சென்ற நமக்கு அக்கடைக்காரர் தேநீர் வரவழைத்தார். அன்று அது தொண்டையில் இறங்கவில்லை.

குறிகளை நோக்கினால் இத்தகைய வெட்கத்தைத் தவிர்க்கலாம். கணிப்பொறி முழுதும் அணைந்து மீண்டால் முதலில் பவர் சப்ளையை ஐயுற வேண்டும். திரை மட்டும் இருண்டு மீண்டால் டிரைவரையும் அட்டையையும் ஆராயலாம். சற்று நேரம் ஓடிச் சூடேறிய பின்னரே நின்றால், உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டும் தூசடைந்த விசிறியும் காரணமாகலாம். திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறினால் அட்டையின் நினைவகத்தின் வேகத்தை மட்டும் சிறிது குறைத்து ஓட்டிப் பார்ப்பது நன்று. எதுவாயினும் ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். நான்கை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் காரணம் விளங்காது.

இதனால் விற்போர் அனைவரும் குற்றமற்றோர் என்று கொள்வதற்கில்லை. ஈதரியம் எனும் மின்னியல் நாணயத்தை ஈட்டும் மைனிங் பணியில் இவ்வட்டைகள் இரவுபகலாக உழைத்தன. 2022 செப்டம்பரில் அந்நாணயம் தன் முறையை மாற்றிக்கொள்ளவே, வேலையிழந்த அட்டைகள் பழைய பொருட் சந்தைக்குத் திரண்டு வந்தன. சிலவற்றில் பயாஸ் நிரலையே திருத்தி நினைவகத்தை விரைவுபடுத்தியிருந்தனர். மைனிங் பொறுத்துக்கொள்ளும் சிறு பிழையை விளையாட்டு பொறுப்பதில்லை. உழைத்த அட்டையை விற்பது குற்றமன்று. அதன் வரலாற்றை மறைத்து விற்பதே குற்றம். மாணவனொருவன் மாதக்கணக்கில் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே விற்பவர் அட்டையின் முன்வரலாற்றைக் கூறி, வாங்குவோர் முன்னிலையில் கனமான விளையாட்டொன்றை அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிறோம். நாம் கண்ட கடைகள் சிலவற்றில் விண்டோஸின் முகப்புத் திரையைக் காட்டியே பணம் பெறுகின்றனர். அதனைக் காட்டுவதற்குப் பழுதுற்ற அட்டையே போதும்.