வற்றல் நமத்துப்போகும் நேரம்



மே மாதம் வந்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூழ் வற்றல் காயும். சாயங்காலம் ஆனதும், "எடுத்துடு, நமத்துப் போயிடும்" என்று அம்மா குரல் கொடுப்பார். மழையும் இல்லை, பனியும் இல்லை. பகலெல்லாம் கலகலவென்று காய்ந்த வற்றல் பொழுது சாய்ந்ததும் ஏன் நமக்க வேண்டும்? சிறு வயதில் எனக்கு இது விளங்கியதே இல்லை.

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் பதிவுசெய்யும் ஈரப்பதத்தில் விடை இருக்கிறது. அந்தச் சதவீதத்தைக் காற்றிலுள்ள நீரின் அளவு என்றே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற கணக்கு. அந்த அதிகபட்சமோ வெப்பத்தோடு ஏறி இறங்குவது. ஒரு கன மீட்டருக்கு 20 டிகிரியில் சுமார் 17 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம்.

சென்னையில் ஒரு மே மாதக் காலை. 28 டிகிரி, ஈரப்பதம் 84 சதவீதம் என்று வையுங்கள். பிற்பகலில் வெப்பம் 38 டிகிரியைத் தொடுகிறது. நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் ஈரப்பதம் 48 சதவீதமாக இறங்கிவிடும். வற்றல் காய்வது அந்த நேரத்தில்தான். வெயில் தாழ்ந்தால் அதே நீராவிக்குச் சதவீதம் மறுபடி ஏறும். கடற்காற்று வேறு புதிதாக ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வற்றல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அப்பளமும் உப்பும் அப்படித்தான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாளும் அச்சகத்தில் ஈரம் ஏறினால் ஓரம் நெளிந்துகொள்ளும்.

இனி, என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 48 சதவீதம் என்றதும் வறண்ட காற்று என்று நினைத்துவிடுகிறோம். மார்கழி விடியலில் ஊட்டியில் 8 டிகிரி குளிர், மூடுபனி, ஈரப்பதம் 100 சதவீதம் என்றாலும் அந்தக் காற்றில் கன மீட்டருக்கு இருப்பது 8 கிராம் நீராவிதான். சென்னையின் அந்த 48 சதவீதப் பிற்பகலில் இருப்பது 22 கிராம்! சதவீதம் வற்றலுக்குச் சரியான கணக்கு. நம் உடம்புக்கு அது போதாது. வியர்வை ஆவியாவதற்குத் தடையாக நிற்பது காற்றில் உண்மையில் இருக்கும் நீராவி.

அதைக் காட்டும் எண் பனிப்புள்ளி; காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீர் துளிக்கத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை. மேலே சொன்ன காலைக்கும் பிற்பகலுக்கும் அது ஒன்றேதான்: ஏறத்தாழ 25 டிகிரி. புழுக்கம் அப்படியே இருக்க, அதன் தலைமேல் 10 டிகிரி வெப்பமும் ஏறியிருக்கிறது. வானிலைச் செய்திகளில் ஈரப்பதத்துக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணையும் போட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஈரப்பதம் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று எண்ணி, உச்சிவேளையில் சாரத்தில் நிற்கும் கொத்தனாரையும் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் வயதானவர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு மிகக் கடினமான நேரம் அதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்