ஞாயிறு ஊரடங்கு: சனிக்கிழமையே வீட்டு வேலை இரட்டிப்பானது ஏன்?

தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 9, 16-ஐத் தொடர்ந்து 23-ம் தேதி ஞாயிறும் முழு ஊரடங்கு இருந்தது. கடை இல்லை, வெளியில் போக வேண்டாம், முழு ரெஸ்ட்னு தோணியிருக்கலாம். ஆனால் பல வீடுகளில் கதையே வேறாக இருந்தது.

சனிக்கிழமை என்ன நடந்தது?

மறுநாள் காய்கறி, மீன், கறிக் கடைகள் திறக்கவில்லை. எல்லாத்தையும் முந்தின நாளே வாங்க வேண்டியிருந்தது. கறியைக் கழுவி ஃப்ரீசரில் வைக்கணும், இட்லி மாவு ஆட்டணும் என்ற நிலை இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அந்த ஞாயிறு கறிக்குழம்பே இல்லை. பஸ், மெட்ரோ ஓடாததால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் வர முடியவில்லை. பாத்திரமும் துணியும் சேர்ந்துடுச்சு. ஹோட்டல் பார்சல் இருந்தது. ஆனால் ஒரு நாள் கூலி போன வீட்டுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

சுமை யார் தலையில்?

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அதிலும் அந்த வேலையில் இறங்கும் ஆண்கள் 26.1 சதவீதம்தான்! இது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு.

என்ன செய்யலாம்?

'ஏதாவது உதவி பண்ணட்டுமா?' என்று கேட்பதைவிட, வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. மார்க்கெட் போனவரே காய் நறுக்கலாம். பிள்ளைகள் பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். ஞாயிறு மதியப் பாத்திரம் யாருக்கு என்பதை மட்டும் சனிக்கிழமையே பேசி முடிச்சிடுங்க.