பீர்ப் பானையிலிருந்து விஸ்கி அடுப்பிற்கு

வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிறதென்றால், அதே வீட்டில் விஸ்கி வடிக்க ஏன் அனுமதிக்கக் கூடாது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்த இந்தக் கேள்வி இறுதியில் நீதிமன்றப் படியேறியது. பொழுதுபோக்காக மது வடிக்க விரும்புவோரின் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், டெக்சாஸ் மாநிலத்தின் கூட்டாட்சி நீதிபதி மார்க் பிட்மன் 2024ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி தீர்ப்பு வழங்கினார். வீட்டில் மது வடிப்பதைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் நாடாளுமன்றத்தின் அதிகார வரம்பை மீறியது என்பது அவரது முடிவு. அரசு மேல்முறையீடு செய்தது.

இதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், நம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அருந்திய 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரச் செய்தியின் ஈரம் காயாத நிலையில், அமெரிக்கத் தீர்ப்பைப் படித்த நம்மில் பலருக்கு வியப்பும் கோபமும் ஒருசேர எழுந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பொறுமையோடு பார்ப்பது நல்லது.

முதலில் சட்டத்தின் கதை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்த உபயோகத்திற்காகப் பீர் தயாரிப்பதை வரியிலிருந்து விடுவித்தது. தனி நபருக்கு ஆண்டுக்கு 100 காலன், வயதுவந்தோர் இருவர் வாழும் வீட்டிற்கு 200 காலன், அதாவது ஏறக்குறைய 760 லிட்டர். வீட்டுச் சமையலறையில் பழகியவர்கள் பலர் பின்னர் சிறு மதுபான ஆலைகளைத் தொடங்கினார்கள். விஸ்கிக்கோ இந்தச் சலுகை கிடைக்கவில்லை. வீட்டில் வடித்தால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் என்ற தண்டனை அப்படியே நின்றது.

ஏன்? மக்களின் உடல்நலம் என்று நாம் எண்ணினால் ஏமாந்துபோவோம். இத்தடையின் வேர் 1868ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தில் இருக்கிறது. வீட்டிற்குள் வடித்தால் வரி வசூலிப்பவர் கண்ணில் படாது என்பதே கவலை. 5 விழுக்காடு ஆல்ககால் கொண்ட 10 காலன் பீரிலும், 50 விழுக்காடு கொண்ட ஒரு காலன் விஸ்கியிலும் இருக்கும் ஆல்ககால் ஒரே அளவுதான். ஆனால் கூட்டாட்சி அரசின் பொதுவான வரி விகிதப்படி முன்னதற்கு ஆறு டாலருக்கும் குறைவு, பின்னதற்கு 13.50 டாலர். இந்த வரிக்கு எதிராகப் பென்சில்வேனியா விவசாயிகள் 1794ல் கிளர்ந்தெழுந்தபோது, அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனே படையோடு புறப்பட்டார் என்பது வரலாறு. ஆகவே, வரி வசூலிக்கும் அதிகாரம் ஒரு பொருளைத் தயாரிக்கவே கூடாது என்று தடுக்கும் அளவுக்கு நீளுமா என்று நீதிபதி கேட்டது நியாயமான கேள்வியே.

ஆனால் சட்ட நூலில் நியாயமாகத் தெரிவது அடுப்பங்கரையிலும் அப்படியே இருக்குமா? பீர் தயாரிப்பவர், முளைகட்டிய பார்லியின் சாற்றைக் காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்டைச் சேர்த்துக் காத்திருக்கிறார். மீதி வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்கிறது. ஆல்ககால் ஓரளவுக்கு மேல் ஏறினால் ஈஸ்டே செயலிழந்துவிடும். இயற்கையே போட்ட கடிவாளம் அது. தவறு நேர்ந்தால் பீர் புளிக்கும், அல்லது அடைத்த பாட்டில் வெடிக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

வடிக்கும்போது அந்தக் கடிவாளம் கழன்றுவிடுகிறது. ஊறலைச் சூடாக்கினால், தண்ணீர் கொதிக்கும் முன்பே, ஆல்ககால் மிகுந்த ஆவி எழும்புகிறது. குழாய் அடைத்தாலோ, குளிரூட்டும் நீர் நின்றாலோ அந்த ஆவி அறைக்குள் பரவும். பக்கத்தில் ஒரு சிறு தீப்பொறி போதும். பழைய கார் ரேடியேட்டர்களைக் குளிர்விக்கப் பயன்படுத்தி, அதிலுள்ள ஈயம் கலந்து நோயுற்றவர்களின் கதைகள் அமெரிக்காவில் ஏராளம். 20 லிட்டர் பீர் நண்பர்கள் கூடிப் பகிரும் அளவு. அதையே வடித்தால் இரண்டு லிட்டர் கடுமையான மது; மேசை இழுப்பறையில் மறைத்து வைக்கலாம், தனியே இருந்து குடிக்கலாம். குடும்பங்களில் குடியின் கொடுமையைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

மெத்தனால் பற்றியும் ஒரு வார்த்தை. பார்லி போன்ற தானிய ஊறலில் மெத்தனால் மிகக் குறைவாகவே உண்டாகும். பழ ஊறலில் சற்று அதிகம். கள்ளக்குறிச்சியில் கொன்றது, லாபத்திற்காகச் சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். அங்கே பொழுதுபோக்கு எதுவும் இல்லை; கூலித் தொழிலாளியின் களைப்பும், அதை வைத்துக் காசு பார்த்தவர்களின் கல்நெஞ்சமும்தான் இருந்தன. எனவே அதைக் காட்டி அமெரிக்கப் பீர்ப் பிரியரைக் கொலைகாரர் என்று சொல்வது நீதியாகாது. அதே வேளையில், வீட்டில் வடித்தது விலைக்குப் போகத் தொடங்கினால், வாங்குபவருக்குப் பாட்டிலில் இருப்பது என்னவென்று தெரிய வழியே இல்லை. நியூசிலாந்து 1996ல் வீட்டில் வடிக்க அனுமதித்தபோதும், விற்பனைக்கு இடம் தரவில்லை.

மதுவைப் பாவம் என்று ஒதுக்குவது கத்தோலிக்கப் பார்வை அன்று. கானாவூர்த் திருமணத்தை நாம் அறிவோம். சில துறவு மடங்கள் இன்றும் பீர் தயாரிக்கின்றன. ஸ்காட்லாந்தில் விஸ்கி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றான 1494ஆம் ஆண்டுக் கணக்குப் பதிவில் இருப்பது, ஜான் கோர் என்ற துறவி 'வாழ்வின் நீர்' வடிக்கப் பார்லி மாவு பெற்ற செய்திதான்! சரியாகச் சொன்னால் மாவல்ல, முளைகட்டிய தானியம். ஆயினும் அவர் வடித்தது அரசரின் ஆணைப்படி, கணக்கில் எழுதப்பட்டு. திருச்சபையின் மறைக்கல்வி அளவோடிருத்தலைக் கற்பிக்கும்போது, குடிப்பவரைப் பற்றி மட்டும் பேசவில்லை. குடிவெறியால் பிறருடைய பாதுகாப்பை ஆபத்துக்கு உள்ளாக்குவதையும் கடுமையான குற்றமாகவே காண்கிறது.

டெக்சாஸ் வழக்கில் வரி கேட்கும் அரசு ஒரு பக்கம், உரிமை கேட்கும் குடிமக்கள் மறுபக்கம். அதே வீட்டில் உறங்கும் குழந்தைகளுக்கும், சுவருக்கு அப்பால் குடியிருப்பவருக்கும் அங்கே தனி வழக்கறிஞர் இல்லை. கூட்டாட்சிச் சட்டம் தளர்ந்தாலும், தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ மாநிலங்களுக்கு உரிமை உண்டு. வரியைக் காக்கப் பிறந்த சட்டத்தின் நிழலில் இதுவரை பாதுகாப்பும் தற்செயலாக ஒதுங்கியிருந்தது. அந்த நிழல் விலகுமானால், எரிவாயு அடுப்புக்கும் கட்டடத்திற்கும் விதிகள் இருப்பதைப் போல, வடிகலனுக்கும் நேரடியான விதிகளை மாநில அவைகள்தாம் எழுத வேண்டியிருக்கும்.