நிவாரணப் பட்டியல் மூடப்படலாகாது

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று 2022 ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த அடியில் விழுந்த மக்களுக்காக 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற நிவாரணத் திட்டம் தொடங்கியது. இலக்கு, 20 இலட்சம் குடும்பங்கள். முதற்பட்டியல் வெளியானதும் ஏறக்குறைய பத்து இலட்சம் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. மேன்முறையீடு தனக்குக் கிடைக்கவில்லை என்று முறையிடுவது. ஆட்சேபனை அயல்வீட்டாருக்கு ஏன் கிடைத்தது என்று எழுதிக் கொடுப்பது. ஒரே ஒழுங்கையில் வாழ்பவர்களை இப்படி எதிரெதிரே நிறுத்தியது நெருக்கடி மட்டுமல்ல, நிவாரணம் வகுக்கப்பட்ட முறையும்தான்.

பசித்தவருக்கு உணவு யார் கையால் போய்ச் சேர்ந்தது என்பது இந்நாட்டின் அரசியலைப் பலமுறை திருப்பியிருக்கிறது. 1930களின் பெருமந்தத்தில் இறப்பர் விலை சரிந்து தோட்டங்களில் வேலை சுருங்கியது. அதன்மேல் 1934இல் வறட்சி. தொடர்ந்து வந்த மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. ஊட்டமில்லாத உடல்கள் காய்ச்சலைத் தாங்கவில்லை. குடியேற்ற அரசின் உதவி போதாமற்போன கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குள் மருந்தும் உணவுமாகப் போனவர்கள், குடியேற்ற ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். அவர்களுள் பருப்பு கொடுத்த என்.எம். பெரேராவைக் கிராமத்தவர்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தார்கள். 1935 டிசம்பரில் அந்த இளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். மறு ஆண்டே பெரேரா ருவன்வெல்லையிலும் அக்கட்சியின் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார்கள். 1931இல் வாக்குரிமை பெற்ற ஏழைக் குடியானவர், தன் வீட்டுக்கு வந்தவர் யார் என்பதை மறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த அரிசிப் பங்கீடு அந்த உறவை அரசுடனேயே ஏற்படுத்தியது. யாருடைய சிபாரிசும் வேண்டாம். கூப்பன் இருந்தால் அரிசி உண்டு. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால்தான் எல்லோரும் சேர்ந்து அதைக் காக்க எழுந்தார்கள்.

1978இல் பங்கீடு பாதிப் பேருக்கானதாகச் சுருங்கியது. 1979இல் உணவு முத்திரையாக மாறியது. முத்திரையின் தொகை விலைவாசியோடு ஏறவில்லை. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதியளவுக்குக் கரைந்தபோது இன்னொரு ஹர்த்தால் நடக்கவில்லை, ஏனென்றால் இழந்தவர்கள் ஏழைகள் மட்டுமே. பிறகு ஜனசவிய என்ற வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தது. 1995இல் சமுர்த்தி வந்தது. பெயரும் அதிகாரிகளும் ஆட்சியோடு மாற, உரிமையாக இருந்தது கட்சிக்காரரிடம் கேட்டுப் பெறும் சலுகையாயிற்று. அந்தச் சீர்கேட்டை ஒழிக்கவே அஸ்வெசுமவில் 22 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன என்பதை ஏற்கிறோம். சிபாரிசுக் கடிதத்தைவிடப் புள்ளிக் கணக்கு நேர்மையானதே. ஆனால் காலக்கெடு வைத்து விண்ணப்பம் வாங்கி, ஒருமுறை எண்ணிப் பட்டியலை மூடிவிட்டால் அடுத்த மாதம் வேலையிழப்பவர் எங்கே போவார்?

மலையகத்தை இங்கே தனித்துச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் கிடைப்பது நிரந்தர வருமானம் என்று கூறியே சமுர்த்தி அந்த மக்களுக்கு மிகக் குறைவாக வழங்கப்பட்டது. வேலை நாட்கள் குறைந்தால் சம்பளமும் குறையும் என்பது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது. 2022க்குப் பின் தோட்டப்புற மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டின் கீழ் இருப்பதாக உலக வங்கியே மதிப்பிட்டது. லயன் வீட்டுக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பா, கிராம உத்தியோகத்தர் பொறுப்பா என்ற பழைய இழுபறியில் இந்தக் குடும்பங்கள் இன்னொரு முறை விடுபடலாகாது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாடே சமூகநலச் செலவுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. அந்த அளவை எட்டியதோடு கடமை முடிந்ததாக அரசாங்கம் கருதினால், கடன் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டலாம். குடிமக்களுக்குக் காட்ட முடியாது.

ஆகவே 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டம் திருத்தப்பட வேண்டும். ஆண்டின் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்க வழி வேண்டும். வர்த்தமானியால் தீர்மானிக்கப்படும் தொகை ஒவ்வோர் ஆண்டும் விலைவாசியோடு உயர வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் அவர் மொழியில் எழுத்தில் கிடைக்க வேண்டும். தோட்டப்புறப் பிரதேச செயலகங்களில் தமிழில் கருமமாற்றும் உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டு, லயன் குடும்பங்கள் ஒன்றுவிடாமல் மீண்டும் கணக்கெடுக்கப்பட வேண்டும். இதற்கான நிதியை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்குமாறு அரசாங்கத்தைக் கோருகிறோம்.