பம்ப் போனால் காரே போச்சா?

காலையில் காரை ஸ்டார்ட் செய்து, கேட்டைத் தாண்டி வெளியே எடுக்க ஸ்டியரிங்கை ஒடித்தால் பானெட்டுக்குள்ளிருந்து "ஊ...ங்" என்று ஒரு முனகல். பத்து நாள் கழித்து, கார் நின்ற இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய். அப்புறம் ஒரு நாள் ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனக்க ஆரம்பிக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரே வரியில் தீர்ப்பு வரும்: "பவர் ஸ்டியரிங் பம்ப் போச்சு சார், மாத்தணும்." எஸ்டிமேட்டைப் பார்த்ததும் வீட்டில் அடுத்த தீர்ப்பு: "இந்த ஓட்டை வண்டிக்கு இவ்வளவு செலவா? வந்த விலைக்குத் தள்ளிடுங்க."

இந்த இரண்டு தீர்ப்புமே பல நேரங்களில் தப்பு. முதலாவது பழுதைச் சரியாகப் பார்க்காததால் வரும் தப்பு. இரண்டாவது கணக்குத் தப்பு. காமர்ஸ் படிக்கிறவர்களே இரண்டாவது தப்பைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

ஹூண்டாய் ஆக்சென்ட்டை எடுத்துக்கொள்ளலாம். 1999-ல் அறிமுகமாகி 2013 வரை விற்பனையில் இருந்த கார். இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டியரிங்தான். பம்ப்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. ஆக்சென்ட், இண்டிகா, ஐகான் தலைமுறைக்கு எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பம்ப்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் இந்த பம்ப்பையும் சேர்த்துச் சுற்றும். உள்ளே ரோட்டர் என்று ஒரு உருளை. அதில் வெட்டிய பள்ளங்களில் சின்னச் சின்னத் தகடுகள் செருகியிருக்கும். ரோட்டர் சுற்றச் சுற்ற இந்தத் தகடுகள் வெளியே வந்து, முட்டை வடிவ வளையத்தின் சுவரை உரசிக்கொண்டே எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் ஸ்டியரிங் ரேக்குக்குப் போய்ச் சக்கரத்தைத் திருப்பக் கை கொடுக்கிறது.

ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் இந்த அழுத்தம் 70, 80 பார் வரை போகும். கார் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார்தான். ஒப்பிட்டுப் பார்த்தால், கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது பம்ப்பை எவ்வளவு வதைக்கும் என்று புரியும்.

இன்னொன்று முக்கியம். தள்ளப்படுவதும் எண்ணெய், பம்ப்பின் உள்பாகங்கள் தேயாமல் காப்பதும் அதே எண்ணெய். எண்ணெய் குறைந்த பிறகும் "கொஞ்ச நாள் ஓட்டுவோம்" என்று ஓட்டினால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை சில ஆயிரங்களுக்குப் போய்விடும்.

முனகினால் பம்ப்தான் என்று யார் சொன்னது?

பம்ப்பில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை நாலைந்து. எல்லாமே செலவு குறைந்தவை.

1. எண்ணெயின் அளவும் நிறமும். கறுத்துக் கருகிய வாசனை வந்தால் மாற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். சில கார்களுக்கு ஏ.டி.எஃப்., சிலவற்றுக்குத் தனி ஸ்டியரிங் ஆயில். "சிவப்பா இருந்தா எதுவும் ஓகே" என்பது தவறு. பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

2. நுரை. ஆயில் டப்பாவில் நுரை தெரிந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தாலே போதும், பம்ப் சாகப்போவது போல முனகும்.

3. பெல்ட். முனகல் வேறு, "கிறீச்" வேறு. கிறீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம்.

4. ஆயில் டப்பாவின் அடியில் இருக்கும் வலை. பல கார்களில் உண்டு. அழுக்கு அடைத்தால் பம்ப்புக்கு எண்ணெய் போதாமல் சத்தம் போடும்.

5. கசிவு எங்கிருந்து? மேலே ஹோஸ் மூட்டில் கசிந்து, வழிந்து, பம்ப்பின் மேல் இறங்கியிருக்கும். பழி பம்ப்புக்கு. இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டி மறுபடி பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இந்த ஐந்தையும் பார்க்காமல் பம்ப்பை மாற்றச் சொல்பவர் பழுதைத் தேடவில்லை, பாகத்தை விற்கிறார்.

சரி, பம்ப்தான் என்றால்?

தண்டின் முனையில் இருக்கும் சீல் மட்டும் போயிருந்தால் சீல் கிட் வாங்கிப் போடலாம். பம்ப்பைக் கழற்றி, புல்லியைப் புல்லர் வைத்து இழுத்து (சுத்தியலால் தட்டி அல்ல!), பழைய சீலை எடுத்துப் புதியதைப் போடுவார்கள். நல்ல மெக்கானிக் கையில் இது நம்பகமான வேலை. ஆனால் தண்டிலேயே கோடு விழுந்திருந்தாலோ, பேரிங் ஆடினாலோ புது சீலும் சீக்கிரமே கசியும். அதனால் கழற்றிய பிறகு தண்டை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது.

எண்ணெயில் உலோகத் துகள் மினுமினுத்தாலோ, எண்ணெயும் பெல்ட்டும் சரியாக இருந்தும் ஐடிலில் ஸ்டியரிங் கனத்தாலோ கதை வேறு. உள்ளே தகடுகளும் வளையமும் தேய்ந்திருக்கலாம். பிரித்துப் பார்த்ததில் தேய்மானம் தெரிந்தால் சீல் கிட் போடுவது காசைக் கரியாக்குவதுதான். மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போது மூன்று வழி: புதுசு, ரீகண்டிஷன், காயலான் கடை. சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் எந்தக் காரின் எந்த பாகமும் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கிடைக்கலாம். ஆனால் எத்தனை வருஷம் ஓடிய பம்ப் என்று யாருக்கும் தெரியாது. சீட்டும் வாரன்டியும் இல்லாத பம்ப் மலிவு என்றால், அந்த மலிவுக்குள் இன்னொரு முறை கழற்றி மாட்டும் கூலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த பம்ப் போட்டாலும் பழைய எண்ணெயை முழுக்க வெளியேற்றி, டப்பாவையும் ஹோஸையும் சுத்தம் செய்து, பிறகு முன் சக்கரங்களைத் தூக்கி இன்ஜின் ஓடாமல் இரண்டு பக்கமும் மெதுவாக ஒடித்துக் காற்றை எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பழைய துகள்கள் புது பம்ப்பையும் தின்னும், ரேக்கையும் கெடுக்கும். ரேக் போனால் செலவு இன்னும் பெரிது.

இப்போது கணக்கு

"கார் 80,000-கூடப் போகாது, அதுக்கு 15,000 ரூபாய் பம்ப்பா?" இந்தக் கேள்விதான் பழைய கார்களைக் கொல்கிறது.

வருமான வரிக் கணக்கில் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் காருக்கு வருஷம் 15% தேய்மானம். 6 லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார் 15 வருஷத்தில் புத்தகத்தில் சுமார் 52,000 ரூபாய்க்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கார் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதையோ, மழையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதையோ 52,000 ரூபாய் அளவுக்குக் குறைத்துக்கொள்வதில்லை! விற்கும் விலை வேறு, பயன் வேறு.

ஒப்பிட வேண்டியது பம்ப்பையும் காரின் விலையையும் அல்ல. பம்ப்பையும் மாற்று ஏற்பாட்டின் செலவையும். இந்த 80,000 ரூபாய் காரைக் கொடுத்துவிட்டு 3.5 லட்சத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் கையிலிருந்து போவது 2.7 லட்சம். 10% வட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 27,000, மாதம் 2,250 ரூபாய். பம்ப்புக்கான 15,000 ஏழு மாத வட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அசலை இன்னும் தொடவே இல்லை. வாங்கும் காரில் என்ன பழுது ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியாது. பழைய காரின் பழுதாவது பழகிய பழுது.

இதற்காக எல்லாப் பழைய காரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று அர்த்தமில்லை. அடிப்பாகம் துருப்பிடித்து, இன்ஜினும் புகைந்து, ஆர்.சி. முடிய ஆறு மாதம் இருக்கும் காருக்குப் புது பம்ப் போடுவது வீண். 15 வருஷம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. அந்தச் செலவும் கணக்கில் வரவேண்டும். இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பம்ப் செலவை அத்தனை வருஷத்தால் வகுத்தால் பதில் கிடைத்துவிடும். ஏற்கெனவே செலவழித்த கிளட்ச், டயர் பணம் இந்தக் கணக்கில் வரக்கூடாது. அது போன பணம்.

பாகம் மலிவாகக் கிடைக்காததற்கு ஒரு காரணமும் உண்டு. ஒரிஜினல் பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விற்காமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளுக்குப் போனது தனிக்கதை. தெரு முனை மெக்கானிக்குக்குச் சரியான சீல் கிட் சரியான விலையில் கிடைத்தால்தான் அவர் ரிப்பேர் செய்வார். கிடைக்காவிட்டால் அவரும் "மாத்தணும் சார்" என்றுதான் சொல்வார். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18% என்று ஆனது ஒரு சின்ன ஆறுதல்.

ஒரு எச்சரிக்கை. பம்ப் செத்தாலும் ஸ்டியரிங் திரும்பும், கனமாக. அதனால் பயந்து நடுரோட்டில் திகைக்க வேண்டியதில்லை. ஆனால் "திரும்புதே" என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டவும் கூடாது. அவசரத்தில் ஒடிக்க வேண்டிய நேரத்தில் கை தோற்றுவிடும். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. ரிப்பேரோ, மாற்றுவதோ... ஏதாவது ஒன்றைச் சீக்கிரம் செய்ய வேண்டும்.

அடுத்த முறை "பம்ப் போச்சு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி போதும்: எங்கே கசிகிறது, காட்டுங்கள்? சீல் மட்டுமா, உள்ளேயும் தேய்மானமா? கழற்றிய பழைய பம்ப்பைத் திருப்பித் தருவீர்களா? மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால், பழைய காரை விற்பது பற்றி இன்னும் இரண்டு வருஷம் கழித்து யோசிக்கலாம்.