பல்வரிசையும் சொல்வரிசையும்

எங்கள் ஊரில் முப்பதாண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பற்கள் அனைத்தையும் இழந்தபின் மேலும் கீழுமாகப் பல் செட் பொருத்திக்கொண்டார். உணவை மெல்வதில் குறையில்லை. ஒடுங்கிய கன்னங்களும் பழைய பொலிவைப் பெற்றன. ஆயினும் மணவிழாக்களில் வாழ்த்துரை வழங்க அழைத்தால் மறுத்துவிடுகிறார். "பற்று என்று சொல்கிறேன், பட்டு என்று விழுகிறது" என்பது அவர் கூறும் காரணம். மருத்துவரிடம் முறையிட்டபோது, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்ற விடையே கிடைத்தது. ஓராண்டு கடந்தும் சரியாகவில்லை.

பழக்கத்தால் தீரும் குறைகள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. புதிய தட்டுக்கேற்ப நா தன் வழியை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஆனால், பழக்கத்தால் தீர்வது எது, தட்டின் பிழையால் நிலைப்பது எது என்று எங்ஙனம் பிரித்தறிவது? ஈண்டுதான் பேச்சொலியை ஆராயும் கருவிகள் துணைக்கு வருகின்றன.

பல் மருத்துவமும் ஒலிநூலும் நெடுநாளைய உறவினர். ஓக்லி கோல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பல் மருத்துவர் 1870களின் தொடக்கத்தில் மாவும் பிசினும் குழைத்து அண்ணத்தில் பூசி, ஓர் ஒலியை உச்சரித்து, நா தொட்ட இடத்தைக் கண்டு வரைந்துகொண்டார். 1950களில் மேயர் சில்வர்மன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், 'ஸ்' என்று ஒலிக்கையில் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே எஞ்சும் சிற்றிடைவெளியைக் கொண்டே பல் செட்டின் உயரத்தைச் சரிபார்க்கலாம் என்றார். அன்று செவி செய்த வேலையை இன்று கணிப்பொறி படமாகவே வரைந்து காட்டுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக அறிஞர் இருவர் உருவாக்கிய பிராத் என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. 'ஸ்' ஒலியின் வலிமை 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் செறிந்திருக்கும். மேல்தட்டின் முன்பகுதி தடித்துவிட்டால் அச்செறிவு கீழிறங்கி, 'ஷ்' போலக் குழறும். பல் செட் உயரம் மிகுந்து பற்கள் ஒன்றோடொன்று தட்டினால், அத்தட்டல் படத்தில் செங்குத்துக் கோடாக நிற்கும். ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழகத்தார், பல்லிழந்தோரைப் பல் செட்டுடனும் அஃதின்றியும் படிக்கச் செய்து, கணிப்பொறி எத்தனை சொற்களைச் சரியாக அறிந்துகொண்டது என்று கணக்கிட்டு 2010இல் ஆய்வு வெளியிட்டனர்.

அவர்கள் படிக்கச் செய்தது ஜெர்மன் மொழியை. நாம் எதைப் படிக்கச் செய்வது?

ஆங்கிலம் பேசுவோரிடம் ஐம்பது முதலும் அறுபது முதலும் எண்களை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்வது பல் மருத்துவர் வழக்கம். அவ்வெண்களில் 'ஃப்' ஒலியும் 'ஸ்' ஒலியும் மிகுதி. தமிழின் பாரமோ வேறிடத்தில் இருக்கிறது. தகர நகரங்களுக்கு நாவின் நுனி விரிந்து பல்லின் அடியைப் பொருந்த வேண்டும், றகர னகரங்களுக்கு மேல்நோக்கி அண்ணத்தைத் தொட வேண்டும், வகரத்திற்குப் பல்லோடு இதழ் கூட வேண்டும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். டகரம், ணகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றுக்கு நா இன்னும் பின்னோக்கி வளைகிறது. பல் செட்டின் மேல்தட்டு மூடிவிடுவது இந்நிலம் முழுவதையுமே! பத்து, பற்று, பட்டு என்னும் மூன்று சொற்களைச் சொல்லச் செய்தாலே தட்டின் முன்விளிம்பு முதல் நடுப்பகுதி வரை சோதித்தவாறாகும். மனம், மணம் என்பனவும், வால், வாள், வாழ் என்பனவும் அவ்வாறே பயன்படும். இத்தகைய சொற்களைத் தொகுத்து, அரைப்பக்கத்தில் ஓர் இயல்பான வாசகம் அமைத்துத் தருவது மருத்துவக் கல்லூரியின் வேலையன்று, தமிழ்த்துறையின் வேலை. நம் மாணவர்கள் ஓர் அரையாண்டில் செய்து முடிக்கக்கூடியது இது.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். பிறந்தது முதல் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்போர் நம்மிடையே பலர். கருவி அவரையும் குறையுடையவர் என்று சொல்லி, குற்றமற்ற தட்டைத் தேய்க்கச் செய்துவிடும். ஆகையால் ஒருவர் பேச்சை இலக்கண நூலோடு ஒப்பிடலாகாது. அவருடைய பழைய பேச்சோடே ஒப்பிட வேண்டும். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே, அமைதியான அறையில் ஐந்து நிமிடம் அவர் குரலைப் பதிவு செய்துகொண்டால் போதும். தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்து பயனில்லை. பழைய தொலைபேசி இணைப்புகள் 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை விழுங்கிவிடும் இயல்பின. கருவி குறையில்லை என்று காட்டினும் அணிந்தவர் குறை என்றால், அவர் சொல்லே ஏற்கத்தக்கது என்பது என் கருத்து. பேசுபவர் அவரல்லரோ?

நம் பெரியவரின் பல் செட் செய்யப்படுமுன் அவர் குரலை எவரும் பதிவு செய்யவில்லை. ஆனால் மகன் திருமணத்தில் அவர் ஆற்றிய வாழ்த்துரை ஓர் ஒலிநாடாவில் இருப்பதை அவர் பேரன் தேடி எடுத்துவிட்டான். அதனைக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டு, அடுத்த வாரம் வேறொரு பல் மருத்துவரிடம் இருவரும் செல்கிறார்கள்.